மைதானத்தின் தாழ்ந்த பக்கம்

கராவில்
14 மே 2010

கொலீனுக்கு,

உன் வீடு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. அதற்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடும் நிலைக்கு வந்துவிட்டோம். இது என் யோசனை இல்லை. பிரின்சிபால் ஓக்டன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, இனி நீயும் நானும் எழுத்தில் மட்டும் பேசிக்கொண்டால் பள்ளிக்கூடத்துக்கு நல்லது என்றார். போன கூட்டத்தில் நீ நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனதிலிருந்து மனிதர் இன்னும் தெளியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி வளாகத்தைப் புதிதாக அமைக்கப் போகிறார்கள். இது பூர்வகுடி விராஜுரி மக்களின் மண் என்று அதைப் பார்த்ததுமே தெரிய வேண்டும், நம் பிள்ளைகள் அங்கே விருந்தாளி மாதிரி நிற்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஊர்க் குடும்பங்களின் சார்பில் நீ, பள்ளியில் உதவி ஆசிரியை என்ற முறையில் நான். நாம் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும். வருடக் கடைசிக்குள் போடாவிட்டால் பிளாஸ்டிக் புல்லை விரித்து, நிழலுக்கு ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்களாம்.

நான் கேட்டது ஒன்றுதான். மைதானத்தின் தாழ்ந்த பக்கத்தைத் தோண்டி, முன்பு அங்கிருந்ததாகச் சொல்லும் குட்டையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றேன். அதற்கு நீ, சிட்னியிலிருந்து வந்த அந்த வடிவமைப்பாளர் பையன் முன்னால், பெற்றோர் அத்தனை பேர் முன்னால், "அண்ணி, நீங்க டார்லிங் நதிக்கரை ஜனம். இங்க வாழ வந்தவங்க. எங்க மண்ணுல தண்ணி எங்க நிக்கணும்னு சொல்ல நீங்க யாரு?" என்றாய்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது என் தலையில் ஒரு நரை கிடையாது. என் பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். அவரை இங்கேதான் புதைத்தோம். நான் அந்த நதிக்கரையின் பார்க்கிஞ்சி இனத்தவள் என்பது எனக்குத் தெரியும். நீ ஊரைக் கூட்டி ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

உன் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

வெர்னா

*

கராவில்
23 மே 2010

அண்ணிக்கு,

தபால்காரன் உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றான். "வெர்னாவோட கையெழுத்து மாதிரி இருக்கே"ன்னான். "உனக்கென்ன"ன்னேன். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இனிமேல் உறையில் அனுப்புநர் பெயரையாவது போடாமல் விடுங்கள்.

சொன்னது சொன்னதுதான். நான் பொய் சொல்லவில்லை. நாளைக்கு நான் உங்கள் வில்கானியாவுக்கு வந்து, அந்த ஆற்றங்கரையில் இந்த மரத்தை வெட்டு, அந்தப் பக்கம் தோண்டு என்றால் உங்கள் அக்கா என்னைத் துடைப்பத்தாலேயே அடிப்பார்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். அதில் ஒரு பிடி மண்ணைத் தொட விடமாட்டேன். அண்ணன் ஃபுட்டி அணிக்குக் கேப்டனாக இருந்த வருஷங்களை நீங்கள் கொஞ்சம்தான் பார்த்தீர்கள். நான் முழுசாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எங்களைக் கடைக்குள் விடாத ஆட்கள் சனிக்கிழமை வேலியோரம் நின்று அண்ணன் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஃபுட்டி விளையாடுகிற அந்த இரண்டு மணி நேரம் எங்களை யாரும் எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்டதில்லை. இந்த ஊரில் எங்களுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அதைத் தோண்டிக் கொசுவுக்குக் கொடுக்கலாம் என்கிறீர்கள்.

அந்த சிட்னி பையன் ஹேமிஷ் போட்டுவந்த படத்தைப் பற்றி மட்டும் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. வாசலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிமெண்ட் பாம்பு. அதன் முதுகெல்லாம் புள்ளி. அந்தப் புள்ளிகள் பாலைவனத்து ஜனங்களுடையது. நமக்கும் அதற்கும் என்ன? பூமராங் மாதிரி பெஞ்சு வேறு. உட்கார்ந்தால் இரண்டு பேரும் நடுவில் சறுக்கி வந்து விழுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஏன் சாப்பிட வருவதில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உங்களுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கொலீன்

*

கராவில்
11 ஜூலை 2010

கொலீனுக்கு,

பாம்பு போய்விட்டது. ஹேமிஷ் போன வாரம் மறுபடி வந்தான். புள்ளி யாருடையது, எங்கிருந்து வந்தது என்று நீ எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். பெஞ்சைப் பற்றி எழுதியதையும் படித்தேன். காது சிவக்கச் சிரித்துவிட்டு அங்கேயே ரப்பரை எடுத்து அழித்தான். நல்ல பையன். தெரியாததைத் தெரியாது என்கிறான். "அப்போ இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் மூன்று தெரு தள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

அவன் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தான். கூரைத் தண்ணீர், சாலைத் தண்ணீர் எல்லாம் அந்தத் தாழ்ந்த பக்கத்துக்குத்தான் ஓடுகிறது. என்ன செய்தாலும் ஓடும் என்கிறான். மைதானத்தைத் திருப்பிச் சாலையோரமாகப் போடலாமாம். பாழாய்க் கிடக்கும் டென்னிஸ் கோர்ட்டை எடுத்துவிட்டால் ஒரு அடிகூடக் குறையாமல் முழு மைதானம் மேட்டு நிலத்தில் வந்துவிடும். உன் ஃபுட்டியும் இருக்கும், தண்ணீரும் இருக்கும்.

இதை ஓக்டன் உன்னிடம் சொன்னபோது நீ முழுதாகக் கேட்கவே இல்லையாம். அப்படியானால் உன் கோபம் மைதானத்துக்காக இல்லை, கொலீன். உன் அண்ணனும் இப்படித்தான். மழை நாளில் அந்தப் பக்கம் பந்து உருண்டால் தான் போகமாட்டார், யாரையாவது அனுப்புவார். ஏன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு வேறு பேச்சு எடுப்பார். கேட்டுக் கேட்டு நானும் விட்டுவிட்டேன். இப்போது உன்னைக் கேட்கிறேன். அந்தக் குட்டை உங்களுக்கு என்ன செய்தது?

வெர்னா

*

கராவில்
29 ஆகஸ்ட் 2010

அண்ணி,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

அந்தக் குட்டையின் கரையில்தான் எங்கள் வீடு. எட்டுக் குடும்பங்கள். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்திய சுவர், சாக்குக் கதவு. ஊருக்குள் எங்களுக்கு வீடு கொடுக்க மாட்டார்கள் என்பதால் ஊர்க் கோடியில் இருந்தோம். கசாப்புக் கூடத்துச் சாக்கடையும் அதே குட்டையில்தான் வந்து விழும். அம்மா எத்தனை துவைத்தாலும் கவுனில் அந்த நாற்றம் போகாது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கணக்குப் போடுவாள்.

நாற்றத்தைக்கூட மறந்துவிடலாம். எங்கள் ஜனத்துப் பிள்ளைகளைப் பிடித்துப்போக அரசாங்கத்தின் வெல்ஃபேர் கார் வரும். சாலையில் தூசி தெரிந்ததும் அம்மா எங்களைச் சம்புக் கோரைக்குள் தள்ளிவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி வாசலில் போய் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுவாள். நானும் அண்ணனும் கழுத்தளவு தண்ணீரில் நிற்போம். அவன் கை என் வாயை மூடியிருக்கும். "அவங்க போற வரைக்கும் அசையாத. தும்மினா உன்ன கூட்டிட்டுப் போயிடுவாங்க"ன்னு காதுக்குள்ள சொல்லுவான். அடுத்த வீட்டு இரட்டையரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர்கள் அன்றைக்கு ரோட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பத்து வயசாகும்போது புல்டோசர் வந்தது. எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்ள ஒரு காலை நேரம் கொடுத்தார்கள். மிச்சத்தை, வீட்டோடு, அடுப்போடு, கட்டிலோடு, குட்டைக்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்கள். மேலே புல் விதைத்தார்கள். பிறகு அண்ணன் அதன் மேல் ஓடி ஓடி ஜெயித்தான்.

மூடியது மூடியபடியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. இப்போது தெரிந்துவிட்டது இல்லையா? இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

கொலீன்

*

கராவில்
3 செப்டம்பர் 2010

கொலீன்,

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதரோடு வாழ்ந்தேன். இதில் ஒரு சொல்கூட அவர் சொன்னதில்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் இல்லை.

நாளைக்கே ஓக்டனிடம் சொல்லிவிடுகிறேன். குட்டை வேண்டாம். மைதானம் இருந்த இடத்திலேயே இருக்கும். என் கையெழுத்து வேண்டிய தாளை அனுப்பு, போட்டுத் தருகிறேன். காரணம் எதையும் அவரிடம் சொல்லமாட்டேன்.

நீ வாய் திறந்ததற்கு நன்றி. சாப்பாட்டுக்கு வரவா என்று கேட்க இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வெர்னா

*

கராவில்
7 நவம்பர் 2010

அண்ணி,

தாளை ஏன் அனுப்பவில்லை என்று ஓக்டன் என்னைத் துரத்துகிறார். அனுப்பாததற்குக் காரணம் மழை.

பத்து வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பெய்கிற மழை. உங்கள் கூரையும் ஒழுகியிருக்கும். போன வியாழக்கிழமை பேத்தியைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனேன். தாழ்ந்த பக்கம் முழுக்கத் தண்ணீர். பிள்ளைகள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு அதற்குள் நிற்கிறார்கள். ஓர் ஆசிரியை கரையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருக்கிறாள், யார் காதிலும் விழவில்லை. தவளைச் சத்தம் அப்படி. இத்தனை வருஷம் அவை எங்கே இருந்தன அண்ணி? ஓரத்தில் ஆரைக்கீரை நாலு இலையை விரித்து மிதக்கிறது. மண்ணுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்ததோ, வாத்து கொண்டுவந்து போட்டதோ, எனக்குத் தெரியாது. அம்மா அதன் விதையை இடித்து மாவாக்குவாள். அது ஞாபகம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

வீட்டுக்குப் போகலாம் என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. நாற்றம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மழை வாசனைதான் வந்தது. கசாப்புக் கூடத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே என்று அப்போதுதான் தோன்றியது. நாற்றம் கசாப்புக் கூடத்துடையது. பயம் அந்தக் காருடையது. புல்டோசர் ஊர்க் கவுன்சிலுடையது. இதில் குட்டை என்ன செய்தது? ஒரு தடவை வெல்ஃபேர்காரன் கரைவரைக்கும் வந்து நின்று கோரையையே பார்த்தான். அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த சேறுகூட எனக்குத் தெரிந்தது. தண்ணீர் எங்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. நானும் அண்ணனும் அம்மாவோடு வளர்ந்தோம். இரட்டையர் அப்படி வளரவில்லை.

இத்தனை வருஷம் தப்பான ஆள்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹேமிஷைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். மைதானம் சாலையோரம், முழு அளவில். கோல் கம்பம் புதுசு. தாழ்ந்த பக்கத்தைத் தோண்டலாம். கரையைச் சுற்றிக் கோரை, கூடை பின்னுகிற நீளப் புல், ஆற்றங்கரைத் தைலமரம். பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்க ஒரு சரிவு இருக்க வேண்டும். வேலி போட்டுப் பார்க்கவைக்கிற வேலை கூடாது. எட்டு வீடும் இருந்த இடத்தில் எட்டு வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பு உட்காரலாம். பலகையில் எதுவும் எழுத வேண்டாம். கேட்கிற பிள்ளைக்கு வாயால் சொல்லிக்கொள்கிறோம்.

உரிமை விஷயம். அன்றைக்கு நான் சொன்னது இன்னும் சரிதான்: இந்த மண்ணுக்காகப் பேச வேண்டியவள் நான். ஆனால் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். யாராவது கேட்க வேண்டியிருந்தது, நீங்கள் கேட்டீர்கள். எல்லார் முன்னாலும் சொன்ன விதம் சரியில்லை. அதை எல்லார் முன்னாலும் சொல்கிறேன், அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் ரோஸ்ட். கூச்சமெல்லாம் பட வேண்டாம், உருளைக்கிழங்கு மட்டும் கொண்டுவாருங்கள்.

கொலீன்

*

கராவில்
16 ஏப்ரல் 2011

அன்புள்ள கொலீன்,

இப்போது நேரிலேயே பேசலாம்தான். ஆனால் நேரில் நீ என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தோண்டும்போது இரும்பு மாட்டியதும் டிரைவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். உனக்குப் போன் போடச் சொன்னேன். நீ கவுனில் மாவோடு வந்தாய். கட்டில் கம்பிகள், ஒரு வாளி, கேத்தல். எதையும் நீ தொடவில்லை. அப்புறம் கதவோடு ஓர் இரும்பு அடுப்பு வந்தது. நீ குனிந்து மண்ணைத் துடைத்துவிட்டு, "இது மில்லி அத்தையோட அடுப்பு"ன்னு சொன்னாய். யாரிடமும் சொல்லவில்லை, அடுப்பிடமே சொன்னாய்.

நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். ஏன் என்று அப்புறம் நீ கேட்டாய், நான் மழுப்பினேன். உண்மை இதுதான்: அந்த நேரம் உங்களுடையது. அதில் நுழைய எனக்கு மனம் வரவில்லை. நீ திரும்பிப் பார்த்து, "அங்க நின்னு என்ன வேடிக்கை? வந்து இந்தப் பக்கம் புடிங்க, கனக்குது"ன்னாயே, அதுவரைக்கும்தான் அந்த வேலி இருந்தது.

எட்டு வீட்டுக்கு நீ குச்சி நட்டுக்கொண்டே போனதும், ஐந்தாவது வீட்டில் நின்று வாகா நகரத்தில் இருக்கும் உன் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, "உங்க வீடு குழாய்க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா"ன்னு சண்டை போட்டதும், ஹேமிஷ் ஒவ்வொரு தடவையும் ஆப்பைப் பிடுங்கி மாற்றி அடித்ததும், என் மாணவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதும் இல்லை.

அடுப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று ஹேமிஷ் கேட்டதற்கு, "அடுப்புன்னா சமைக்கணும் தம்பி" என்றாய். முதல் வட்டத்தில் செங்கல் வைத்து அதை உட்காரவைத்துவிட்டார்கள். ஓக்டன் தீயணைப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறார். படிக்கட்டும்.

குளிர்காலம் முடிந்ததும், ஆகஸ்ட் கடைசியில், வில்கானியா போகிறேன். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். திறப்பு விழாவுக்கு இருக்கமாட்டேன். எனக்கு வருத்தமில்லை, உனக்கு ரிப்பன் வெட்டத் தெரியும்.

அண்ணி

*

கராவில்
19 அக்டோபர் 2011

அண்ணி,

அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நடக்கவைத்துவிட்டார்களா?

இங்கே திறப்பு விழா நடக்கவில்லை. பதறாதீர்கள், கெட்ட செய்தி இல்லை. செப்டம்பரில் தேதி குறித்து, மேயருக்குச் சொல்லி, பேண்டு வாத்தியம் எல்லாம் ஏற்பாடு ஆனது. விழாவுக்கு முந்தின நாள் ஓக்டன் மேயரை அழைத்துக்கொண்டு ரிப்பன் கட்டுகிற இடத்தைக் காட்டப் போனார். மைதானத்துக்கும் குட்டைக்கும் நடுவில், வெறும் புல்லில், ஓர் ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறது. கூடு என்று சொல்ல நாலு குச்சிகூட இல்லை. அதன் ஜோடி மேயரின் தலைக்கு மேல் வட்டமடித்து இறங்கியது. மேயர் கோட்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு சாலைவரை ஓடினார். பிள்ளைகளுக்கு இந்த வருஷத்தின் சிறந்த நாள் அதுதான்.

மேயர் ஆபீசிலிருந்து பறவையை நகர்த்தச் சொன்னார்கள். ஓக்டன் என்னைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்வதற்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆரஞ்சு நிறக் கூம்புகளைக் கொண்டுவந்து சுற்றி அடுக்கிவிட்டார்கள். ஓக்டன் மேயருக்குப் போன் போட்டு, "சார், அது நகராது, நாங்களும் நகர்த்தப் போறதில்ல" என்றார். அந்த மனிதருக்குள் இப்படி ஓர் ஆள் இருந்தது எனக்குத் தெரியாது.

அதிலிருந்து மைதானத்தில் பந்து இல்லை. ஃபுட்டி சீசன் எப்படியும் முடிந்துவிட்டது, நானே விட்டுக்கொடுத்தேன். பிள்ளைகள் கூம்பைச் சுற்றிப் பூனை மாதிரி நடந்து வட்டங்களுக்குப் போகிறார்கள். சரிவில் இறங்கிக் காலை நனைக்கிறார்கள். நேற்று இரண்டு பேர் சண்டை போடும்போதுகூடக் குசுகுசுவென்றுதான் திட்டிக்கொண்டார்கள்.

இன்று காலை நான் வாசலில் நுழையும்போது பள்ளிக்கூடமே அமைதி. எல்லா ஜன்னலிலும் தலைகள். நான்கு குஞ்சுகள், குச்சிக் காலில் பஞ்சு உருட்டி வைத்த மாதிரி, அம்மா முன்னால், அப்பா பின்னால், புல்லைக் கடந்து தண்ணீரைப் பார்த்துப் போகின்றன. ஒரு குஞ்சு வட்டத்துக் கட்டையில் முட்டி விழுந்து எழுந்தது. யாரும் கைதட்டவில்லை. அவை கோரைக்குள் போய் மறைந்தன.

ஓக்டன் என் பக்கத்தில் நின்றிருந்தார். மெதுவாக, "அப்போ, திறந்தாச்சுன்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

"திறந்தாச்சு" என்றேன்.

ரிப்பன் வெட்டாமலே மிச்சமானது. ஆசிரியைகள் அதை வெட்டிச் சின்னப் பெண்களுக்கு ஜடையில் கட்டிவிட்டார்கள்.

நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம். அக்கா நன்றாக நடக்கும்வரை இருங்கள், சாயங்காலத்தில் உங்கள் ஆற்றங்கரையில் போய் உட்காருங்கள். அங்கே இப்போது தண்ணீர் எவ்வளவு, என்ன மரம் நிற்கிறது, நீங்கள் சின்னப் பெண்ணாக எந்த இடத்தில் இறங்கிக் குளித்தீர்கள், எல்லாம் எழுதுங்கள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நிதானமாக, நீளமாக எழுதுங்கள்.

கொலீன்